பிள்ளை மடுவத்தின் சாவி

போன டிசம்பர் லீவில், ரெண்டு மழைக்கு நடுவில் கிடைத்த ஒரு வெயில் நாளில், ஹுன்னஸ்கிரியவில் எங்கள் தோட்டத்துப் பழைய பிள்ளை மடுவத்தின் கூரையில் உட்கார்ந்து தகரத்து ஓட்டைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த எட்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் கீழேயிருந்து கேட்டான்: "அண்ணே, இவ்வளவு செஞ்ச பெறகு தோட்டத்துல திருப்பிக் கேட்டா குடுத்துறணுமா?"

தார் கையில ஒட்டுது, அந்தத் துணியைக் குடு என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில் என்னிடம் பதில் இல்லை. பேராதனைக்குத் திரும்பி வந்து வாசிக்கத் தொடங்கியதும் அந்தக் கேள்வியால்தான்.

மலையகத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளை மடுவம். எங்கள் தோட்டத்தில் புதிதாகச் சிறுவர் நிலையம் கட்டிய பிறகு பழைய மடுவம் பூட்டிக் கிடந்தது. கருங்கல் சுவர், தகரக் கூரை, தொட்டில் கட்டுவதற்குப் போட்ட குறுக்கு மரம், அவ்வளவுதான். அதை நிர்வாகத்திடம் வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கி நாங்கள் ஏழெட்டுப் பேர் சுத்தம் செய்தோம். மூன்று பழைய கம்ப்யூட்டர், ஒரு சோல்டரிங் அயன், உடைந்த போன்கள், ரேடியோக்கள் என்று கொண்டுவந்து வைத்தோம். பிள்ளைகள் பின்னேரம் வந்து பிரிப்பார்கள், பூட்டுவார்கள். சில நேரம் பூட்டத் தெரியாமல் அப்படியே விட்டுட்டும் போவார்கள்.

இந்த மாதிரி இடத்துக்கு உலகத்தில் ஹேக்கர்ஸ்பேஸ் என்று பெயர். ஹேக்கர் என்றதும் வங்கிக் கணக்கை உடைக்கிறவன்தான் நம் ஆட்களுக்கு ஞாபகம் வரும். பழைய அர்த்தம் அது இல்லை. ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, அது எப்படி ஓடுது என்று கண்டுபிடித்து, வேறு மாதிரி ஓட வைக்கிற ஆள்தான் ஹேக்கர். 1981 செப்டெம்பர் 12 அன்று மேற்கு பெர்லினில் ஒரு பத்திரிகை அலுவலகத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்த சிலர் 'கேயொஸ் கம்ப்யூட்டர் கிளப்'பைத் தொடங்கினார்கள். 1995இல் அதே நகரத்தில் 'சி-பேஸ்' வந்தது. 2007க்குப் பிறகு அமெரிக்காவிலும் இதைப் பார்த்து இடங்கள் திறந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவின் 'நொய்ஸ்பிரிட்ஜ்' அதில் ஒன்று.

இவர்களைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ரோபோவையும் த்ரீ-டி பிரிண்டரையும்தான் படம் பிடிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் சட்டப்படி ஒரு சங்கம் பதியலாம். அந்தச் சங்கத்தின் பெயரில் வாடகை ஒப்பந்தம் எழுதலாம், கரண்ட் பில் வாங்கலாம். நொய்ஸ்பிரிட்ஜ் மிஷன் வீதிக் கட்டடத்தில் 2009இலிருந்து பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, 2020இல் வேறு தெருவுக்கு மாறியது. அங்கேயும் வாடகை பெரிய தலையிடிதான். ஆனால் வாடகைக்காரனுக்கு ஒரு காகிதம் இருக்கிறது, போகச் சொன்னால் கையில் காட்ட அது உதவும். எங்களிடம் அதுகூட இல்லை.

நம்ம பக்கத்தில் இதற்கு முன்னோடி இருக்கா என்று தேடினேன். கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு பஸ்ஸில் வந்தவர்களுக்குத் தெரியும், தெல்தெனிய பக்கத்தில் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் பழைய தெல்தெனிய டவுன் கிடக்கிறது. துரித மகாவலித் திட்டத்தில் விக்டோரியா கட்டின அதே காலத்தில் கண்டிக்கு அந்தப் பக்கம் கொத்மலையிலும் அணை கட்டினார்கள். ஒன்றுக்குப் பிரிட்டன் பணம், மற்றதுக்கு சுவீடன் பணம். ரெண்டும் 1985இல் முடிந்தன. கொத்மலையில் வயலும் வீடும் விகாரையும் தண்ணீருக்குள் போயின. வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கினால் கடதொர விகாரையின் மிச்சம் இன்றைக்கும் வெளியே தெரியும்.

அப்படி இடம்பெயர்ந்த ஆட்களுக்காக 1989இல் அரச வானொலியின் கீழ் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. மாவத்துறையில் குன்றுக்கு மேலே நிலையம். ஒலி எட்டியது சுமார் 20 கிலோமீட்டர் தூரம். அதற்குள் கிராமங்கள், தோட்டங்கள், சின்ன டவுன்கள் எல்லாம் அடங்கும். ஊர்ப் பொடியன்கள் தொண்டர்களாக வந்து மைக்கைப் பிடித்தார்கள். டேப் ரெக்கோர்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தார்கள்.

கதை சூடுபிடிப்பது 1998-99இல். யுனெஸ்கோ, அரசாங்கம், இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், கொழும்புப் பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து இந்த வானொலிக்கு இணையம் கொடுத்தார்கள். கொழும்பிலேயே பலருக்கு ஈமெயில் இல்லாத காலம் அது. வானொலியில் 'இணையத்தில் உலாவும்' ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். கேட்கிற ஆள் தபாலட்டையில் கேள்வி எழுதி அனுப்புவார். நிலையத்தில் இருக்கிறவர்கள் இணையத்தில் தேடி, அந்த விஷயம் தெரிந்த ஊர் ஆள் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஊர்ப் பாஷையில் பதில் சொல்வார்கள். ஒரே ஒரு இணைப்பு, ஆனால் கேட்கிறது ஆயிரக்கணக்கான வீடு. கம்ப்யூட்டரை நேரில் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மூன்று இடம் இருந்தது: நிலையம், கம்பளைப் பொது நூலகம், நாவலப்பிட்டிப் பொது நூலகம். 2002இல் டொன் ஸ்லேட்டர், ஜோ டாக்கி, பீட்டர் லூயிஸ் என்கிற மூன்று ஆய்வாளர்கள் அங்கே வந்து, எத்தனை கம்ப்யூட்டர் என்று எண்ணுவதோடு நிற்காமல், ஆட்களோடு பழகி ஓர் அறிக்கை எழுதினார்கள். சமூக ஊடகம் படிக்கிறவர்கள் மத்தியில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட திட்டம் இது.

நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சிங்களத்தில்தான். அது அரச வானொலி, அதன் முதல் நேயர்கள் சிங்களக் கிராமத்து ஆட்கள். அதில் குறை சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. நான் நின்றது வேறு ஓர் இடத்தில். மூன்று இடத்தில் ரெண்டு ஏன் நூலகம்? அந்த 20 கிலோமீட்டருக்குள் எத்தனையோ தோட்டம் இருந்ததே, ஒரு மடுவம், ஒரு பழைய ஸ்டோர், ஒரு தோட்டப் பாடசாலை ஏன் கிடைக்கவில்லை?

நூலகம் நகர சபையின் சொத்து. கூரை ஒழுகினால் நகர சபை பார்க்கும், கரண்ட் பில்லும் அதன் தலையில். சாவி நூலகர் கையில். அவருக்குச் சம்பளம் இருக்கிறது, காலையில் வந்து திறப்பார். யுனெஸ்கோ கம்ப்யூட்டரை மட்டும் கொண்டுவந்து வைத்தால் போதும். ஒரு பொது அறைக்கு வேண்டிய மற்ற எல்லாம் அங்கே ஏற்கனவே இருந்தது.

தோட்டத்துக்குள் அப்படி ஓர் அறை ஏன் இல்லை என்பதற்கு ரொம்ப நீண்ட வரலாறு உண்டு. 1937இலேயே கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து தோட்டத் தொழிலாளரை வெளியே வைத்துவிட்டார்கள். 1948இல் குடியுரிமையும் போனது. வாக்கு இல்லாதவனுக்காக எந்தச் சபை நூலகம் கட்டும்? 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன, தொழிலாளியின் கைக்கு வரவில்லை. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. கண்டி, மாத்தளைப் பக்கம் சில தோட்டங்கள் இன்னும் அரச நிறுவனங்களிடமே இருக்கின்றன. யாரிடம் இருந்தாலும் லயமும் மடுவமும் தோட்டத்துச் சொத்துத்தான்.

இதில் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் தாராளமாகச் செலவழிக்க அதன் 33ஆம் பிரிவு இடம் தரவில்லை. குடியுரிமை கிடைத்து, வாக்குப் போட்டு, நம்ம ஆளையே சபைக்கு அனுப்பினாலும், தோட்டத்து ரோட்டுக்கு ஒரு லோட் கல் கொட்ட அவர் யோசிக்க வேண்டியிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். கொத்மலைக்கு இணையம் வந்து இருபது வருடம் கழித்து! 1999இல் ஒரு பிரதேச சபை உறுப்பினருக்கு எங்கள் மடுவத்தில் கம்ப்யூட்டர் வைக்க ஆசை வந்திருந்தாலும் கூரைத் தகரத்துக்குக் காசு ஒதுக்க அவரால் முடிந்திருக்காது. இந்தப் பிரிவை வாசித்த அன்றைக்குத்தான் தம்பியின் கேள்வி எவ்வளவு பழசு என்று எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வந்த நெனசல, தமிழில் அறிவகம், இன்னும் பெரிய திட்டம். உலக வங்கிப் பணத்தோடு, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் திறந்தது. 2014இல் கேட்ஸ் நிறுவனத்தின் 10 லட்சம் டொலர் விருதும் கிடைத்தது. இடம் பெரும்பாலும் பன்சல, கோயில், நூலகம், சனசமூக நிலையம். அதாவது ஏற்கனவே யாரோ சாவி வைத்திருக்கிற கட்டடங்கள். அது புத்திசாலித்தனம்தான். இணைப்புக்குச் சில வருட மானியம் இருந்தது. மானியம் முடிந்த பிறகு யார் கட்டுவது என்ற கேள்வியை அந்தந்த ஊரே தீர்க்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் கொடுக்க உலகத்தில் ஆள் இருக்கிறது, மாதா மாதம் பில் கட்டத்தான் ஆள் இல்லை.

கொத்மலைக்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு ஒரு குறும்பான வழி கண்டுபிடித்தார்கள். 2008 அளவில் ஒரு த்ரீவீலருக்குள் லப்டொப், பிரிண்டர், கம்பியில்லா இணைப்பு, கூரைக்கு மேலே ஒலிபெருக்கி எல்லாம் ஏற்றி 'ஈ-டுக்டுக்' என்று ஊர் ஊராக ஓட்டினார்கள். கட்டடம் யாருடையது என்ற கேள்வியே இல்லை, த்ரீவீலருக்குத்தான் கூரை சொந்தமாக இருக்கே. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. ஆனால் த்ரீவீலர் போய்விடும். பிரித்துப் போட்ட ரேடியோவை மேசையில் அப்படியே விட்டுவிட்டு நாளைக்கு வந்து தொடர அதில் இடமில்லை. ஓர் அறை வேணும் என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

சரி, தோட்டத்துக்குள் ஆட்களே சேர்ந்து நடத்துகிற பொதுக் கட்டடம் ஒன்றுகூட இல்லையா? இருக்கிறது. கோயில். செக்ரோலில் சம்பளத்திலிருந்து கோயிலுக்கென்று சந்தா வெட்டுகிற வழக்கம் நம் தாத்தா காலத்திலிருந்து வருகிறது. கமிட்டி இருக்கிறது, கணக்குக் கொப்பி இருக்கிறது, சாவி யாரிடம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஓடு உடைந்தால் திருவிழாவுக்கு முன்னால் மாற்றிவிடுவார்கள். காணி அங்கேயும் தோட்டத்தினுடையதுதான், ஆனாலும் எந்தத் தொரையும் கோயிலைத் திருப்பிக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாருடைய காசும் அதில் இருக்கிறது. கேட்டால் முழுத் தோட்டமும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும். மரண ஆதாரச் சங்கமும் இப்படித்தான், கட்டடம் இல்லாமலே நடக்கிறது. பெர்லின்காரர்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுச் செய்ததை நம்ம ஆட்கள் செக்ரோலில் செய்திருக்கிறார்கள். கோயில் கமிட்டிக்குள் இருக்கிற சாதிச் சண்டையும், பெண்களுக்கு அங்கே பேச இடமில்லாததும் எனக்குத் தெரியாமல் இல்லை. அதை அப்படியே கொப்பி பண்ண வேணாம், ஆனால் அந்தக் கணக்குக் கொப்பியைப் பார்த்துப் படிக்கலாம்.

எங்கள் மடுவத்தின் நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை வாசித்துவிட்டு யாராவது தொடங்கப் பார்த்தால் உதவும். முதல் எதிரி ஈரம். நக்கிள்ஸ் பக்கத்து மூடுபனி சுவருக்குள்ளேயே வந்து உட்காரும். கம்ப்யூட்டர் ரெண்டு வாரம் போடாமல் இருந்தால் அடுத்த தடவை கிளம்பாது. ராமைக் கழற்றி, பித்தளை மாதிரி மின்னுகிற விளிம்பை அழிரப்பரால் தேய்த்துப் போட்டால் பாதி நேரம் சரிவரும். சும்மாவாவது தினமும் ஒரு மணித்தியாலம் ஓட விடுவது அதைவிட நல்லது, அந்தச் சூட்டிலேயே காய்ந்துவிடும். ரெண்டாவது எதிரி இடி. ஏப்ரல் மாதப் பின்னேரங்களில் பிளக்கைக் கழற்றாமல் போனால் ரவுட்டர் செத்துவிடும், எங்களுக்கு ஏற்கனவே ஒன்று போயிருக்கு. பழைய வயரிங்கில் எர்த் இல்லை. எர்த் கம்பி அடித்து ட்ரிப் சுவிட்ச் போடும்வரை பிள்ளைகளைச் சோல்டரிங் அயனைத் தொட விடவில்லை. வாங்கிய எல்லாவற்றிலும் உருப்படியான செலவு அதுதான்.

மின்சாரம் இப்போது பக்கத்து லயத்து அக்கா ஒருவரின் வீட்டிலிருந்து வருகிறது. தனி மீட்டர் எடுக்கப் போனால் கட்டடம் யாருடையது என்று எழுத்தில் கேட்கிறார்கள். எழுத்து தோட்டத்திடம்தான் வாங்க வேணும். நிர்வாகம் இல்லை என்று சொல்லவில்லை, எழுதித் தரவும் இல்லை. எட்டு மாதமாக 'பார்ப்போம்'.

ஜனவரியில் ஒரு கூட்டம் வைத்தோம். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், 31 வீடு சம்மதித்தது. கணக்குக் கொப்பி அந்த அக்காவிடம். சாவி ரெண்டு வெட்டினோம், ஒன்று அவரிடம், மற்றது தம்பியிடம். அவனுடைய கேள்விக்கு என்ன சொல்வது என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது: தோட்டம் கேட்டால் சட்டப்படி குடுக்கத்தான் வேணும், ஆனால் கேட்க வருகிறவர் 31 வீட்டோடு பேச வேண்டியிருக்கும். போனில் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரிண்ணே, மேற்குப் பக்கம் இன்னும் ஒழுகுது, வரும்போது தார் ஒரு டின் கொண்டாங்க" என்றான்.