முதியோரைத் தேடிச் செல்லும் ஆய்வு: தாமிரபரணிக் கரையை முன்வைத்து

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு, இந்திய அளவில் 8.6 விழுக்காடு. இவர்களில் பலர் நாள்தோறும் மருந்து உட்கொண்டு வாழ்பவர்கள். ஆயினும் மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளில் இவர்களுக்கு இடம் குறைவு. வயது உச்சவரம்பு, உடனிருக்கும் பிற நோய்கள், வந்துபோகும் சிரமம் ஆகிய மூன்றும் இவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. இந்த விலக்கம் முதியோருக்கு இழைக்கும் அநீதி மட்டுமன்று, ஆய்வின் முடிவையே பிழையாக்கும் குறையும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான சான்று நெல்லைச் சீமையிலேயே உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை மேற்கொண்ட விரிவான ஆய்வில் திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை மாவட்டக் கிராமங்களைச் சேர்ந்த, நாற்பதும் அதற்கு மேலும் வயதுடைய 5,150 பேர் பங்கேற்றனர். முதற்கட்டப் பார்வைச் சோதனை அவரவர் ஊரிலும், முழுச் சோதனை மருத்துவமனையிலும் நடந்தன. 2003இல் வெளியான முடிவுகளின்படி 2.6 விழுக்காட்டினருக்குக் கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இருந்தது. அதன் முதன்மைத் திறந்தகோண வகைக்கு ஆளானோரில் நூற்றுக்கு 93 பேருக்கு அந்நோய் அதற்கு முன் கண்டறியப்பட்டிருக்கவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் நம்பியிருந்தால் எஞ்சிய ஏழு பேரே கணக்கில் வந்திருப்பர். வயதோடு பெருகும் நோயின் உண்மை அளவு, ஊருக்குள் சென்றதால்தான் தெரிந்தது.

ஒருமுறை சோதிப்பதினும் பலமுறை வரச்செய்யும் மருந்தாய்வு கடினமானது. தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நடவும் அறுப்பும் ஆட்களை வயலுக்கு இழுக்கின்றன. முக்கூடல், மேலப்பாளையம் வீடுகளில் பீடி சுற்றும் பெண்களுக்குச் சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. மூதாட்டி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்து வரும் மகளுக்கு அன்றைய வருமானம் இல்லை. ஆய்வின் வரவுசெலவுத் திட்டம் இவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டும்.

முதியோர் நலிந்தவர்கள், அவர்களை விலக்குவதே பாதுகாப்பு என்பர். அவ்வச்சம் நியாயமானது, ஆனால் அதற்கு மருந்து விலக்கம் அன்று. இளையோரிடம் சோதித்த அளவை, சிறுநீரகம் தளர்ந்த, ஏற்கெனவே பல மாத்திரைகள் உண்ணும் எழுபது வயதினருக்குக் கொடுப்பது, பாதுகாப்பில்லாத சோதனையைச் சிகிச்சையின் பெயரால் நடத்துவதாகும். உண்மையான பாதுகாப்பு முறையான ஒப்புதலில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது நடுநிலைச் சாட்சி உடனிருக்க வேண்டும் என 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் கூறுகின்றன. அச்சாட்சியின் முன் ஆய்வை நெல்லைப் பேச்சுவழக்கில் விளக்கி, யோசிக்க அவகாசம் தர வேண்டும். சொந்தமாக முடிவெடுக்க வல்ல தாய்க்காக மகன் தலையசைப்பது ஒப்புதல் ஆகாது.

எனவே ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் மூன்றை வலியுறுத்த வேண்டும்: அறிவியல் காரணம் காட்டாத வயது உச்சவரம்பை ஏற்கலாகாது, எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் கூட்டத்திலேயே முதியோரும் அமர வேண்டும், முடிவுகள் பங்கேற்றவர்களின் ஊருக்கே திரும்பிச் சென்று சொல்லப்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாத ஆய்வுக்கு அனுமதி தரலாகாது.