இரத்த வகைகளின் கண்டுபிடிப்பு வரலாறு

இரத்த வகை என்பது, சிவப்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள ஆன்டிஜென்களைக் கொண்டு மனித இரத்தத்தைப் பிரித்தறியும் முறையாகும். ஏ, பி, ஏபி, ஓ என்னும் நான்கு பிரிவுகளையும் இன்று பள்ளி மாணவர்கள் அறிவர். ஆனால் ஒருவருடைய இரத்தம் ஒரு நோயாளியைப் பிழைக்க வைப்பதும் மற்றொருவரைக் கொல்வதும் ஏன் என்ற கேள்விக்கு விடை காண இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

தொடக்ககால முயற்சிகள்

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628 இல் விளக்கினார். அதன் பிறகே இரத்தத்தை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செலுத்தும் எண்ணம் வலுப்பெற்றது. 1667 இல் பாரிசில் ழான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர், 15 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் இரத்தத்தைச் செலுத்தினார். சிறுவன் பிழைத்துக்கொண்டான். அதே ஆண்டின் இறுதியில் அந்துவான் மோருவா என்ற மனநோயாளிக்குக் கன்றின் இரத்தம் செலுத்தப்பட்டது. இரண்டாம் முறை செலுத்தியபோது அவருக்குக் கடும் இடுப்புவலி ஏற்பட்டது. சிறுநீர் புகைக்கரி போலக் கறுத்தது. சில வாரங்களில் அவர் இறந்தார். நஞ்சூட்டப்பட்டதே இறப்புக்குக் காரணம் எனக் கருதி நீதிமன்றம் டெனியை விடுவித்தது. எனினும் இரத்தமேற்றல் பிரான்சில் தடைசெய்யப்பட்டது.

கறுத்த சிறுநீரின் பொருள் அன்று எவருக்கும் விளங்கவில்லை. ஒவ்வாத சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றிலிருந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் கலந்ததன் அடையாளம் அது.

லண்டனில் மகப்பேறு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பிளண்டல், மகப்பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கால் பெண்கள் இறப்பதைத் தடுக்க விரும்பினார். 1818 முதல் அவர் மனித இரத்தத்தையே பயன்படுத்தினார். சிலர் பிழைத்தனர்; சிலர் இறந்தனர். யார் பிழைப்பார் என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை.

லாண்ட்ஸ்டைனரின் ஆய்வு

வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லாண்ட்ஸ்டைனர், தம்முடையதும் உடன் பணியாற்றியோருடையதுமான இரத்தத்தை எடுத்து, ஒருவரின் சிவப்பணுக்களை மற்றொருவரின் சீரத்துடன் கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் திரண்டு ஒட்டிக்கொண்டன, சிலவற்றில் மாற்றமில்லை. இந்தத் திரட்சிக்கு நோய் காரணமன்று, நலமாக உள்ளவர்களிடமும் ஓர் ஒழுங்குடன் நிகழ்கிறது என்பதை 1901 இல் அவர் வெளியிட்டார். அவர் கண்டவை மூன்று பிரிவுகள். நான்காவதான ஏபி பிரிவை டெகாஸ்டெல்லோ, ஸ்டுர்லி ஆகியோர் 1902 இல் கண்டறிந்தனர்.

ஏ வகையினரின் சிவப்பணுக்களில் ஏ ஆன்டிஜெனும், பிளாஸ்மாவில் பி ஆன்டிஜெனுக்கு எதிரான ஆன்டிபாடியும் உள்ளன. பி வகையில் இது தலைகீழ். ஏபி வகையினருக்கு இரண்டு ஆன்டிஜென்களும் உண்டு, ஆன்டிபாடிகள் இல்லை. ஓ வகையினருக்கு அந்த ஆன்டிஜென்கள் இல்லை, ஆனால் இரண்டு ஆன்டிபாடிகளும் உண்டு. ஆகவே ஓ வகைச் சிவப்பணுக்களை மற்ற மூன்று வகையினருக்கும் அளிக்கலாம். ஓ வகையினரோ ஓ வகையை மட்டுமே பெற முடியும்.

1907 இல் நியூயார்க்கில் ரூபன் ஓட்டன்பர்க், இரத்தமேற்றும் முன் இருவர் இரத்தத்தையும் பொருத்திப் பார்க்கத் தொடங்கினார். 1914 இல் சோடியம் சிட்ரேட் இரத்தம் உறைவதைத் தடுக்கும் எனத் தெரிந்தபின், கொடையாளி நோயாளியின் அருகிலேயே இருக்க வேண்டிய தேவை நீங்கியது. லாண்ட்ஸ்டைனருக்கு 1930 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்எச் காரணி

நான்கு வகைகள் மட்டும் போதவில்லை. இறந்த குழந்தையைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு, அவரைப் போலவே ஓ வகையினரான கணவரின் இரத்தம் ஏற்றப்பட்டது. உடனே கடும் எதிர்விளைவு தோன்றியது. லெவைனும் ஸ்டெட்சனும் 1939 இல் இதைப் பதிவு செய்தனர். தந்தையிடமிருந்து குழந்தை பெற்ற ஓர் ஆன்டிஜெனுக்கு எதிராகத் தாயின் உடல் ஆன்டிபாடி உருவாக்கியிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினர். 1940 இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தனர். அதன் பிறகே நேர், எதிர் என்ற குறிகள் இரத்த வகையுடன் சேர்ந்தன.

பம்பாய் இரத்த வகை

1952 இல் ஒய். எம். பெண்டேயும் உடன் ஆய்ந்தோரும் பம்பாயில் புதுமையான இரத்தம் உடைய மூவரைப் பற்றி அறிவித்தனர். வழக்கமான சோதனையில் இவ்வகை இரத்தம் ஓ போலவே தோன்றும். ஆனால் ஏ, பி ஆன்டிஜென்கள் உருவாக அடிப்படையான எச் ஆன்டிஜென்கூட இதில் இல்லை. ஓ வகை அணுக்களில் எச் மிகுதியாக உள்ளதால், எவருக்கும் பொருந்துவதாகக் கருதப்பட்ட ஓ இரத்தமே இவர்களுக்கு ஆபத்தாகும். பம்பாய் வகையினர் அதே வகையினரிடமிருந்து மட்டுமே இரத்தம் பெற முடியும்.

இதனால்தான் பையின் மீதும் நோயாளியின் குறிப்பிலும் ஒரே வகை எழுதப்பட்டிருந்தாலும், கொடையாளியின் அணுக்களை நோயாளியின் பிளாஸ்மாவுடன் கலந்து பார்க்கும் பொருத்தச் சோதனை இன்றும் செய்யப்படுகிறது.