வாப்பாவின் மொரிஸ் மைனரும் ஒரு டப்பா மெழுகும்



பாடசாலை விடுமுறை. மூன்று நாளாக வீட்டு முற்றத்தில் வாப்பாவின் மொரிஸ் மைனரோடு மல்லுக்கட்டுகிறேன். இரண்டு வாளி, கிழித்த பழைய சாரன், ஒரு டப்பா மெழுகு. வீதியால் போகிறவர்கள் நின்று கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், வாப்பாட காரை என்ன விலைக்கு குடுப்பீங்க?" இது எப்படி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதிவு. வரலாறு படிப்பிக்கிறவனுடைய வாய் சும்மா இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போனட்டைப் பாருங்கள். நடுவில் தட்டையாக ஒரு பட்டி ஓடும். மெழுகு பூசும்போது கை தானாக அதில் நேராகப் போய்வரும். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று கடைசி நேரத்தில் முடிவெடுத்தார். மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தார்கள். போனட்டில் விழுந்த இடைவெளியை மூடியதுதான் அந்தப் பட்டி. இசிகோனிஸ் பிறந்தது 1906ல், உஸ்மானியர் ஆட்சியிலிருந்த இஸ்மிர் நகரில். பிறகு மினி காரைச் செய்தவரும் இவர்தான். மைனர் 1948ல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் இது.

எங்களுடையது 1958ஆம் ஆண்டு மைனர் 1000. வாப்பா அதைப் பழையதாகத்தான் வாங்கினார். அக்காலத்தில் புதிதாக வாங்க வழியில்லை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியதும் அரசாங்கம் கார் இறக்குமதியை இறுக்கியது. 1970 முதல் 1977 வரை நிலைமை இன்னும் மோசம். பாணுக்கே வரிசையில் நின்ற காலம், காரை யார் நினைப்பார்? ஆகவே நாட்டில் இருந்த ஒஸ்டின், மொரிஸ், பீஜோ எல்லாவற்றையும் எப்படியாவது ஓட வைக்க வேண்டியிருந்தது. இல்லாத உதிரிப்பாகத்தை லேத்தில் கடைந்தார்கள். உக்கிய மட்காட்டை டிங்கர் பாஸ் தகடு வெட்டித் தட்டி உருவாக்கினார். அந்தக் கைவண்ணம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேயர் என்பவர் 1990களில் இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து, மைனருக்கான தகட்டுப் பாகங்களை இங்கே செய்வித்து இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார். கார் வந்த நாட்டுக்கே அதன் பாகம் நம்மிடமிருந்து போயிருக்கிறது. நமது பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. "என்ன விலைக்கு குடுப்பீங்க" என்ற கேள்வி எங்கள் வீதியில் பலமாகக் கேட்கத் தொடங்கியதும் அந்த ஐந்து வருடங்களில்தான்.

இனி மெழுகு. கார் மெழுகில் உயர்ந்தது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து எடுப்பது. தேன்மெழுகு 62 பாகை அளவில் உருகும், இது 80ஐத் தாண்டித்தான் உருகும். உங்கள் பிள்ளைகள் தின்னும் மிட்டாய் உறையில் ஈ 903 என்று இருந்தால் அதுவும் இதே மெழுகுதான். தாவரப் பொருள், பயப்பட வேண்டாம்.

காருக்கு மெழுகு ஏன் தேவைப்பட்டது? முதல் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசுகிற வார்னிஷையே பூசினார்கள். காய்ந்து முடிய வாரக்கணக்காகும். 1920களில் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் நைட்ரோசெலுலோஸ் பெயின்டைக் கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் வெடிமருந்துக்குச் செய்த அதே வகைப் பொருள். மணிக்கணக்கில் காய்ந்தது. ஆனால் மினுக்கம் தானாக வராது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நம் கராஜ்களில் என்.சி. பெயின்ட் என்பது இதைத்தான். பல பழைய கார்களுக்கு இங்கே மறுபடி பூசியதும் இதுதான். வெயில் பட்டுப்பட்டு மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு போலாகிவிடும். துணியால் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஏறும். அழுக்கு போகிறது என்று நாம் சந்தோஷப்படுவோம். போவது பெயின்ட்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். முதல் நாள் உற்சாகத்தில் ரப்பிங் கம்பவுண்டை எடுத்து முன் மட்காட்டின் விளிம்பைத் தேய்த்தேன். விளிம்பில் பெயின்ட் எப்போதும் மெல்லியது. நகம் அளவுக்குக் கிரீம் நிறம் கரைந்து, கீழே சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது. அதற்கும் கீழே பச்சை! எங்கள் கார் ஒரு காலத்தில் பச்சை. வாப்பா சொன்னதில்லை. உம்மாவிடம் கேட்டேன். "நான் இந்த வீட்டுக்கு வரக்கொள்ளயும் வெள்ளதானே மகன்" என்றார். வாப்பாவுக்கு முன் இதை ஓட்டியவர் யாரோ, அவருடைய நிறம் அது.

என் மகன் முழுவதும் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிப்போம் என்கிறான். கண்ணாடி மாதிரி இருக்குமாம். நான் சம்மதிக்கவில்லை. கம்பவுண்டை மூடி வைத்துவிட்டேன். இப்போது மெழுகு மட்டும். நிழலில், தகடு சூடு ஆறிய பிறகு, மெல்லியதாக ஒரு பூச்சு. வெண்புகை போல் படர்ந்ததும் சுத்தமான சாரன் துண்டால் துடைப்பது. தடிப்பாகப் பூசினால் அதிகம் மினுங்கும் என்பது வீண் நம்பிக்கை, துடைக்கும் வேலைதான் கூடும். கழுவும்போது ஒரு வாளியில் சோப்பு, மற்றதில் துணி அலசச் சுத்தமான தண்ணீர். மண் துகளோடு துணியை இழுத்தால் கீறல் விழும்.

மண் என்றதும் நம்மூர்க்காரருக்கு பிங்கா ஓயா ஞாபகம் வரும். பஸாரில் வெள்ளம் ஏறிய ஒரு வருடம் கார் ஒரு கடை வாசலில் மாட்டிக்கொண்டது. வெளியே கழுவினோம், பளபளத்தது. உள்ளே போன சேற்றை ஒருவரும் பார்க்கவில்லை. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பேதான் எலும்பும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியில் சேறு நின்றால், அது உள்ளிருந்து உக்கும். இரண்டு வருடம் கழித்து ஜாக் வைத்தபோது தகடு பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. ஆகவே வெள்ளம் பட்ட வாகனம் வைத்திருப்பவர்கள் கதவின் அடியிலுள்ள சிறு துளைகளைக் குத்தித் திறந்து, குழாய்த் தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவிட்டு, பெட்டிகளுக்குள் துரு தடுக்கும் மெழுகை விசிறுங்கள். போனட்டுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியாவது அங்கே செலவழிக்கலாம்.

கடைசியாக நம்பர் தகடு. 1957 முதல் பதியப்பட்ட வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ வந்தது. தமிழரசுக் கட்சியினர் தமிழ் எழுத்தில் ஸ்ரீ போட்டு ஓட்டிக் கைதானார்கள். 1958 மார்ச்சில் ஸ்ரீ தகட்டோடு பஸ்களை வடக்குக்கு அனுப்பியபோது அதன்மேல் தார் பூசினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதம் கலவரம். எங்கள் கார் பதிவானது அந்த வருடம்தான். தமிழ் பேசும் முஸ்லிமான வாப்பா அந்த எழுத்தைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் ஜும்ஆவுக்கு முன் பிராஸோ போட்டுப் பம்பரைத் துடைப்பார், அதே துணியால் தகட்டையும் துடைப்பார். புதுத் தகடு அடிக்கச் சொல்கிறார்கள். எழுத்து மங்கியிருந்தாலும் வாசிக்கலாம், அதனால் அதிலும் மெழுகுதான் பூசியிருக்கிறேன்.

பச்சை நிற மொரிஸ் மைனர் ஒன்று அக்குறணையில், கட்டுகஸ்தோட்டையில், அலவத்துகொடையில் ஓடியதைக் கண்ட பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பழைய அல்பத்தில், கல்யாண ஊர்வலத்தில், பஸார் படத்தில் அது எங்காவது நிற்கக்கூடும். படத்தைக் கீழே போடுங்கள். மட்காட் விளிம்பில் தெரிந்த அந்த நகமளவு பச்சையை நீங்கள் வந்து பார்க்கும்வரை மூடாமல் வைத்திருக்கிறேன்.