இரண்டு பழைய எம்.ஜி. கார்கள்

சித்தியவான் பட்டணத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன் மகன் ஒரு நாள் மாலை என் வீட்டுக்கு வந்து, "சித்தப்பா, இரண்டு பழைய எம்.ஜி. வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. எதை எடுக்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டான். அவன் ஆயர் தாவார்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கையில் இருந்த பணத்தில் பாதி அவன் சம்பாத்தியம். மறுபாதி, பால்மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டபோது அவன் தாய்க்குக் கிடைத்த தொகையில் மிஞ்சியது. அந்த அம்மாள் முப்பது வருடம் பால் வெட்டியவர். ஆகவே இது விளையாட்டுக் கேள்வி அன்று.

எம்.ஜி. என்பது இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, தாழ்ந்த, திறந்த விளையாட்டுக் கார். மழை வந்தால் துணிக் கூரையை இழுத்து மாட்ட வேண்டும். நம்மவர்களில் சிலருக்கு இந்த வண்டி வேறு விதமாக நினைவிருக்கும். எனக்கும் அப்படியே. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வண்டி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

வில்லியம் மோரிஸ் என்ற ஆங்கிலேயர் 1877ஆம் ஆண்டில் பிறந்தார். அதே ஆண்டில்தான் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் நிற்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டலாம். இந்த இரண்டுக்கும் பிற்காலத்தில் உறவு ஏற்படும் என்று அன்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். மோரிஸ் தம் பதினாறாவது வயதில், கையில் நான்கு பவுன் முதலோடு, ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பெற்றோர் வீட்டிலேயே சைக்கிள் பழுது பார்க்கத் தொடங்கினார். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிள், அதிலிருந்து கார். 1913இல் அவருடைய முதல் கார் வெளிவந்தது. உலகம் அறிந்த பெரிய தொழிற்சாலை ஒன்று சைக்கிள் கடையிலிருந்து புறப்பட்டது என்பதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. நம் சித்தியவானிலும் ஒரு சைக்கிள் கடைக்காரர் மகன் வரலாற்றில் இடம் பெற்றார். 1924இல் பிறந்து, பின்னாளில் சின் பெங் என்ற பெயரில் காட்டுக்குள் போர் நடத்தியவரின் குடும்பத்தொழில் அதுவே. அது வேறு கதை.

மோரிஸுக்கு ஆக்ஸ்ஃபோர்டில் 'மோரிஸ் கராஜஸ்' என்ற விற்பனைக் கடை இருந்தது. அதற்கு 1922இல் செசில் கிம்பர் என்பவர் மேலாளராக வந்தார். சாதாரண மோரிஸ் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் அழகான, இலேசான உடலைப் பொருத்தி விற்றார். கடையின் பெயரிலுள்ள இரண்டு முதலெழுத்துகளே எம்.ஜி. 1929இல் தொழிற்சாலை ஆபிங்டன் என்ற சிற்றூருக்கு மாறியது. கிம்பரின் சாமர்த்தியம் என்னவென்றால், புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குடும்பக் காரின் பாகங்களைக் கொண்டே வேகமான காரைச் செய்தார். ஆகையால் விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் மகனின் கேள்விக்கு விடை இதிலேதான் ஒளிந்திருக்கிறது. கிம்பர் பின்னர் முதலாளிகளோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, 1945இல் லண்டனில் நடந்த ஒரு ரயில் விபத்தில் இறந்தார். பாவம், கார் செய்தவருக்கு ரயிலில் முடிவு.

வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்துக்கு ரப்பர் வேண்டும். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். மோட்டார் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறி, 1910இல் உச்சத்தைத் தொட்டது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்ததும், காடுகள் தோட்டங்களாக மாறியதும் அந்த விலைக்காகத்தான். 1903இல் நெல் பயிரிட வேண்டும் என்று சித்தியவானுக்கு அழைத்துவரப்பட்ட சீனக் குடியேறிகளும் சில ஆண்டுகளில் ரப்பருக்கே திரும்பினார்கள். நாம் விடியற்காலையில் பிரட்டில் நின்று, மரம் மரமாக ஓடிச் சேர்த்த பால், டயராக மாறித் துரையின் வண்டியில் ஏறித் தோட்டத்துக்கே திரும்பி வந்தது.

அந்தச் செம்மண் சாலையில் யார் எதில் போகலாம் என்பதற்கும் ஒரு சட்டம் இருந்தது. எழுதாத சட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து இன்னொரு கோரிக்கையையும் வைத்தார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. ஆர். எச். நாதன் என்ற தலைவர் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்குக் கூட விலை கொடுத்திருக்கிறோம் என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

போர் முடிந்ததும் எம்.ஜி. மறுபடி தலைதூக்கியது. 1945 முதல் 1949 வரை வந்த 'டி.சி.' ரகத்தில் 10,000 வண்டிகள் செய்யப்பட்டன. இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கப் போர்வீரர்கள் அதைக் கண்டு மயங்கித் தம் நாட்டுக்கும் கொண்டு சென்றார்கள். 1955இல் வளைந்த உடலுடன் 'எம்.ஜி.ஏ.' வந்தது, ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் விற்றது. மலாயாவிலும் எம்.ஜி. வண்டிகள் பந்தயங்களில் ஓடின. ஜொகூரில் 1940இலேயே பெரும்பந்தயம் நடந்திருக்கிறது. சிங்கப்பூரின் தாம்சன் சாலைப் பந்தயம் 1961 முதல் 1973 வரை நடந்தது. அந்தப் பந்தயங்களை நாம் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தது எங்கள் தோட்டத்துச் சின்னத் துரையின் சிவப்பு எம்.ஜி.ஏ. வண்டியை. அது வருகிற சத்தம் கேட்டாலே பையன்கள் லயத்திலிருந்து ஓடி வருவோம். என் தகப்பனார் மட்டும் சைக்கிளை ஓரங்கட்டி, கால்வாய் மேட்டில் நின்றுகொள்வார். அப்போது சட்டம் ஒன்றும் இல்லை; பழக்கம் விடவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். அண்ணன் மகன் பார்த்து வந்த இரண்டும் 1962இல் அறிமுகமான 'எம்.ஜி.பி.' ரகம். இந்த ரகம் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. முதல் வண்டி 1966ஆம் ஆண்டினது, ஈப்போவில் இருந்தது. சிவப்பு நிறம், பளபளக்கும் குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், 'ஏ' எழுத்தில் தொடங்கும் பழைய பேராக் எண். இரண்டாவது 1977ஆம் ஆண்டினது, தெலுக் இந்தானில் ஒரு கொட்டகையில் கிடந்தது. மங்கிப்போன கடுகு நிறம், முன்னும் பின்னும் தடித்த கறுப்பு பம்பர், புகை விடும் என்ஜின். விலை ஏறக்குறைய ஒன்றே.

கறுப்பு பம்பர் ஏன் வந்தது? எம்.ஜி. வண்டிகளின் பெரிய சந்தை அமெரிக்கா. அங்கே மெதுவான மோதலில் வண்டி சேதமடையக்கூடாது என்றும், விளக்குகள் குறிப்பிட்ட உயரத்தில் இருக்கவேண்டும் என்றும் புதிய விதிகள் வந்தன. அப்போது எம்.ஜி. 'பிரிட்டிஷ் லேலண்ட்' என்ற பெரிய கூட்டு நிறுவனத்தின் கையில் இருந்தது. புது வண்டி வரைய அங்கே பணமில்லை. 1974 இறுதியில் பழைய வண்டிக்கே கனமான பம்பரை மாட்டி, வண்டியையும் ஓர் அங்குலம் போல் உயர்த்திவிட்டார்கள். வளைவில் வண்டி சாயத் தொடங்கியது. 1977ஆம் ஆண்டு வண்டிகளில் இந்தக் குறை ஓரளவு சரி செய்யப்பட்டது. ஆனால் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் குரோம் பம்பர் வண்டிக்கே மதிப்பு அதிகம். 1980 அக்டோபரில் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடினார்கள். அந்தச் சிற்றூரின் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது, தோட்டம் துண்டாடப்பட்டதைக் கண்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் யோசிக்காமல், "சிவப்பை எடு" என்றேன். அவன் சிரித்துவிட்டு, "வாங்க சித்தப்பா, நேரில் பாருங்கள்" என்று அழைத்துச் சென்றான். அன்று நான் கற்றது அதிகம். பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு, அது எம்.ஜி.யாக இல்லாவிட்டாலும், இது பயன்படும்.

எம்.ஜி.ஏ. வண்டிக்குத் தனியான இரும்பு அடிச்சட்டம் உண்டு. எம்.ஜி.பி.க்கு அது கிடையாது. தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்த கூடுதான் முழு பாரத்தையும் தாங்குகிறது. கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பட்டைதான் அதன் முதுகெலும்பு. அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கடற்காற்றும் ஓயாத மழையும் உள்ள நம் பகுதியில் இரும்பு எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஈப்போவில் அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்தான். கதவின்மேல் வைத்தால் பிடித்தது. கீழ்ப்பட்டையில் வைத்தால் வழுக்கி விழுந்தது. உள்ளே இரும்பு இல்லை, பட்டி பூசி வண்ணம் அடித்திருக்கிறார்கள். பிறகு ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினான். கதவின் மேல்பக்க இடைவெளி நெருங்கி வந்து, கதவு திறக்க மறுத்தது. வண்டி நடுவில் மடங்குகிறது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம். கம்பிச் சக்கரத்தைப் பிடித்து அசைத்தபோது 'டிக்' என்று சத்தம் கேட்டது, உட்பல் தேய்ந்திருக்கிறது. ஆனால் என்ஜின் இனிமையாக ஓடியது. விற்பவரும் என்ஜினையே திரும்பத் திரும்பப் புகழ்ந்தார். பானட்டைத் திறந்து காட்டுபவர், பாயைத் தூக்கித் தரையைக் காட்டவில்லை.

தெலுக் இந்தான் வண்டியில் காந்தம் எங்கும் பிடித்தது. ஜாக்கியில் ஏற்றியும் கதவு வழக்கம்போல் திறந்து மூடியது. தரைத் தகட்டில் ஓரிடத்தில் மட்டும் துளை. சேசிஸ் எண் பதிவு அட்டையோடு ஒத்திருந்தது. என்ஜின்தான் மோசம். நன்றாக இருக்கும் எம்.ஜி.பி. ஓடும்போது எண்ணெய் அழுத்தம் 50க்குக் குறையக்கூடாது. இதில் முள் முப்பதைத் தாண்டவில்லை.

"இதற்கு என்ஜினே போய்விட்டதே" என்றேன். அப்போது அவன் சொன்ன பதிலில்தான் கிம்பரின் பழைய சாமர்த்தியம் வெளிப்பட்டது. எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. என்ஜின், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு முதலிய குடும்பக் கார்களில் இருந்த அதே இனம். தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் அம்பாசிடர் வாடகைக் காரில் ஏறியிருப்பீர்கள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவியான அந்த வண்டி கல்கத்தா அருகே உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்டது. அதில் பல்லாண்டு காலம் ஓடிய 1489 சி.சி. என்ஜினும் இதற்குத் தம்பியே. அதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த கைகள் நம் ஊரில் எத்தனையோ உண்டு. "என்ஜினை நானே மேசையில் வைத்துச் செய்துவிடுவேன். கூடு இற்றுப்போனால் நான் என்ன செய்ய?" என்றான். இங்கிலாந்தில் 1988 முதல் புதிய கூடுகளையே மறுபடி வார்த்து விற்கிறார்கள் என்பது உண்மைதான். அதைக் கப்பலில் வரவழைக்கும் செலவு நம் கைக்கு எட்டாது.

அவன் கடுகு நிற வண்டியை எடுத்தான். நான் சிவப்பைச் சொன்னது வண்டியைப் பார்த்து அன்று, கால்வாய் மேட்டில் நின்ற என் தகப்பனாரை நினைத்து. அதை அவனிடம் சொன்னேன். அவன் கறுப்பு பம்பரைக் கழற்றிக் குரோம் மாட்டப் போவதில்லை என்றான்; வண்டி எப்படிப் பிறந்ததோ அப்படியே இருக்கட்டுமாம்.

இப்போது வண்டி பட்டறையில் நான்கு கட்டைகள்மேல் நிற்கிறது. தரைத் தகடு மாற்றியாயிற்று. என்ஜின் பிரித்த நிலையில் மேசைமேல் இருக்கிறது. சென்ற வாரம் அண்ணி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். "பின்னால் உட்கார இடமே காணோமே, பேரப்பிள்ளைகளை எங்கே வைப்பாய்?" என்று கேட்டார்கள். அவன் குனிந்து, கீழ்ப்பட்டைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான்.