வளைகுடா நாடுகளில் பரவலாக்க நிதியும் ஒழுங்குமுறையும்

வங்கியோ தரகரோ நடுவில் இல்லாமல், பிளாக்செயினில் இயங்கும் நிரல்களே கடனையும் பரிமாற்றத்தையும் நடத்தும் முறை பரவலாக்க நிதி. பேச்சு வழக்கில் டிஃபை. நிதிச் சட்டம் எப்போதும் ஓர் ஆளையோ நிறுவனத்தையோ பார்த்துத்தான் உரிமம் தரும், தவறினால் அபராதம் போடும். டிஃபையில் அந்த இடம் பெரும்பாலும் காலி. பொறுப்பேற்பது யார் என்ற இந்தக் கேள்விக்கு வளைகுடா நாடுகள் ஆளுக்கொரு விடை வைத்திருக்கின்றன.

பஹ்ரைன் மத்திய வங்கி 2019-லேயே கிரிப்டோ விதிகளை வெளியிட்டது. குவைத் 2023 ஜூலையில் முழுத் தடை விதித்தது. கத்தார் நிதி மையம் 2024-இல் சொத்துகளை டோக்கனாக்க, அதாவது பிளாக்செயினில் பதிவாகும் உரிமைக் குறிகளாக மாற்ற இடம் கொடுத்து, கிரிப்டோ நாணயங்களை மட்டும் வெளியே நிறுத்தியது.

விரிவான சோதனை நடப்பது ஐக்கிய அரபு அமீரகத்தில்தான். அபுதாபி உலகளாவிய சந்தை என்ற நிதி மண்டலம் 2018-இல் கிரிப்டோ விதிமுறை வகுத்தது. துபாய் 2022-இன் 4-ஆம் எண் சட்டத்தால் ‘வாரா’ என்ற மெய்நிகர் சொத்து ஒழுங்குமுறை ஆணையத்தை அமைத்தது. துபாய் சர்வதேச நிதி மையத்துக்குள் அதன் அதிகாரம் செல்லாது. அங்கே வேறு ஆணையம். ஒரே நகரில் இரண்டு விதிப்புத்தகங்கள் இருப்பது சிறு நிறுவனங்களுக்குப் பெரும் சுமை.

வாராவின் கண்டிப்புக்குச் சான்று ஓபிஎன்எக்ஸ் வழக்கு. 2022-இல் திவாலான கிரிப்டோ முதலீட்டு நிறுவனம் த்ரீ ஏரோஸ் கேப்பிடலின் நிறுவனர்கள் சூ ஜூ, கைல் டேவிஸ் பங்கெடுத்து 2023-இல் தொடங்கிய பரிமாற்றச் சந்தை அது. விதிமீறலுக்காக வாரா அதற்கு 1 கோடி திர்ஹம் அபராதம் விதித்தது. உரிமையாளர் யாரென்று தெரிந்ததால்தான் அபராதம் விதிக்க முடிந்தது.

ஆள் தெரியாத இடத்துக்கு அபுதாபி கண்ட வழி, 2023-இல் வந்த பகிர்பேரேட்டு அறக்கட்டளை விதிமுறை. டோக்கன் வைத்திருப்போர் வாக்களித்து நடத்தும் அமைப்புக்கு அது சட்டப்படி ஓர் உருவம் தருகிறது. அந்த அமைப்பு சொத்து வைத்துக்கொள்ளலாம், ஒப்பந்தம் போடலாம், வழக்கையும் எதிர்கொள்ளலாம். வளைகுடாவில் இதுவரை வந்தவற்றுள் தொலைநோக்குள்ள ஏற்பாடு இதுவே.

வெளியே இருப்பதைத் தடைசெய்யாமல் சட்டத்துக்குள் கொண்டுவரும் இந்த வழிக்கு உள்ளூரிலேயே முன்மாதிரி உண்டு. நம்மவர் உண்டியல் என்று சொல்லும் ஹவாலாவும் வங்கிக்கு வெளியே நம்பிக்கையால் ஓடிய பணம்தான். 2002-இல் அபுதாபியில் நடந்த சர்வதேச மாநாட்டுக்குப் பின் அமீரக மத்திய வங்கி அதை ஒழிக்க முனையாமல், நடத்துவோரைப் பதிவேட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கியது. ஆனாலும் கள்ளப்பணத் தடுப்பில் குறை கண்ட பன்னாட்டுக் கண்காணிப்பு அமைப்பான எஃப்ஏடிஎஃப் 2022 மார்ச்சில் நாட்டைக் கூடுதல் கண்காணிப்புக்கான சாம்பல் பட்டியலில் சேர்த்து, 2024 பிப்ரவரியில்தான் விடுவித்தது. அடையாளத்தை மறைக்கும் நாணயங்களை வாரா 2023-இல் தடைசெய்ததை இந்த நெருக்கடியோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

2025 செப்டம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்த அமீரகத்தின் புதிய மத்திய வங்கிச் சட்டம் இன்னும் அகலமாக வலை விரிக்கிறது. எந்தத் தொழில்நுட்பத்தின் வழியாகவும் நிதிச் சேவை அளிப்பவரோடு, அதற்கு வசதி செய்து தருபவரும் அதன் 62-ஆம் பிரிவுக்குள் வருகிறார். இணங்கிக்கொள்ள ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. ஆனால் பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவரையும், நிரலை எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல. அந்த வேறுபாட்டை வரையறுக்க வேண்டிய பொறுப்பு மத்திய வங்கியினுடையது.