பிஷோன் ஃப்ரீஸே: ஒவ்வாமையும் நோய்களும்

பிரெஞ்சு-பெல்ஜிய மரபைச் சேர்ந்த, சுமார் 5 கிலோ எடையுள்ள வெள்ளைச் சுருள்முடி நாய் இனம். முடி அதிகம் உதிராததால் 'ஒவ்வாமை தராத நாய்' என்று விற்கப்படுவது மிகை. ஒவ்வாமை தரும் புரதம் இதன் எச்சிலிலும் தோல் செதிலிலும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இந்த நாயே ஒவ்வாமையால் அவதிப்படுவதுண்டு. தெள்ளுப்பூச்சிக் கடி, தூசிப்பூச்சி, மகரந்தம், சில வேளை உணவுப் புரதம் அரிப்பைக் கிளப்பும். ஓயாமல் நக்குவதால் பாத முடி செம்பழுப்பாகும். காதில் தொற்று வரும். உணவுதான் காரணமா என்றறிய, சுமார் 8 வாரம் இதுவரை தின்னாத புரதத்தை மட்டும் கொடுத்துப் பார்ப்பதே நம்பகமான வழி. இரத்தப் பரிசோதனை போதாது. முழங்கால் சில்லு விலகல், கண்புரை, ஈறு நோய், சிறுநீர்ப்பைக் கல் ஆகியவையும் இவ்வினத்தில் காணப்படும். ஆண் நாய் சிறுநீர் வராமல் முக்கினால், தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.