ஓலையும் திரையும்: மரக்காணக் கடற்கரையில் பொதுஜன அபிப்பிராயம்

பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்ச் சாசனங்களைக் குடவோலை முறையின் சான்றாக நாம் பெருமையுடன் எடுத்துக்காட்டுகிறோம். கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவன் பெயரையே ஓலையில் எழுதிக் குடத்தில் இடலாம் என்று அவை விதிப்பதை அவ்வளவாக எடுத்துக்காட்டுவதில்லை. அவ்விதி அநியாயமானது. ஆயினும், எவரை வெளியே நிறுத்துகிறோம் என்பதை உத்திரமேரூர்ச் சபை கல்லில் வெட்டி ஊரறியச் செய்தது. கணினி வாயிலாகப் பிரஜைகளின் அபிப்பிராயத்தைக் கேட்கும் இக்காலத்து முறைக்கும் யோக்கியதை விதிகள் உள. அவை எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அவ்விதிகளை வெளிக்கொணர்வதே தொழில்நுட்ப அறவியலின் முதற்கடமை என்பது என் வாதம். மரக்காணம் உப்பளக் கடற்கரையை முன்னிறுத்தி அதனை நிறுவ முயல்கிறேன்.

விழுப்புரம் மாவட்டத்தின் இக்கரையில் உப்பளமும், மீனவர் குப்பங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எங்கே எது கட்டலாம், எது கூடாது என்பதை நிர்ணயிப்பது 1991இல் பிறந்து, 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. அதன் உயிர்நாடி, 1:25,000 என்னும் அளவில் வரையப்படும் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம். அவ்வளவில் 25 மீட்டர் அகலமுள்ள ஒரு பாத்தி ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கும். வலை உலர்த்தும் மணல்வெளி கோடாகும். தலைமுறைகளாக நடந்த தடம் மறைந்தே போகும். ஆகையினாலேயே மீனவ ஊர்களையும், அவர்தம் பொது இடங்களையும், மீன் உலர்த்தும் களங்களையும் நுண்ணளவு நிலவரைபடத்தில் குறித்தாக வேண்டும் என்று அவ்வறிவிக்கையே விதித்திருக்கிறது. இருந்தும், 2023 ஆகஸ்டில் தமிழகக் கடலோர மாவட்டங்களில் வரைவுப் படங்கள் மீது பொது விசாரணை நடந்தபோது மீனவர் அமைப்புகள் எழுப்பிய பிரதான ஆட்சேபம், இவையெல்லாம் படத்தில் விடுபட்டிருக்கின்றன என்பதே.

இல்லாததைச் சுட்டிக்காட்ட முதலிலே படத்தைப் படிக்க வேண்டும். இங்கேதான் மறைவான யோக்கியதைகள் தொடங்குகின்றன. இணையத்தில் இடப்படும் கனத்த கோப்பைத் திறக்கவல்ல கருவி வேண்டும். வண்ணக் குறியீடுகளின் ஆங்கில விளக்கம் புரிய வேண்டும். வேலை நாளில் ஓய்வு வேண்டும். ஆகஸ்டு உப்பளத்தில் உப்பு வாரும் காலம். விசாரணைக்குச் செல்லும் பெண், அன்றைய கூலியை இழந்தே செல்ல வேண்டும். குத்தகை ஒருவர் பெயரில் இருக்க, வெயிலில் பாத்தி மிதிப்பவள் பெயர் நிலப் பதிவேட்டில் இராது. ஆதலால் சம்பந்தப்பட்டவர் என்னும் ஸ்தானமும் அவளுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. உத்திரமேரூரின் கால்வேலி இன்று கைப்பேசியாகவும் ஆங்கிலமாகவும் ஓய்வாகவும் உருமாறி நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதனால் இணைய முறையே தீது என்று சொல்ல நான் உடன்படேன். மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வரைவு 2020 மார்ச் 23இல் வெளிவந்த இரண்டே நாளில் தேசம் முழுவதும் ஊரடங்கு தொடங்கிற்று. கூட்டம் கூட இயலாத அந்நாட்களில் பல லட்சம் ஆட்சேபங்கள் மின்னஞ்சலிலேயே சென்றன. பொது விசாரணையில் மக்கள் பதிலளிக்கும் அவகாசத்தை முப்பது நாளிலிருந்து இருபதாகக் குறைக்க முனைந்த வரைவு அது. டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30இல், அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் அதனைப் பெயர்த்து வெளியிடப் பணித்து, அவகாசத்தையும் ஆகஸ்டு 11 வரை நீட்டியது. மொழி என்னும் ஒரு மறைவிதி நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. மற்றவை இன்னும் வெளிப்படவில்லை. மேலும், லட்சக்கணக்கில் கருத்து வந்தது என்பதனால் மட்டும் அதிகாரம் பகிரப்பட்டதாகாது. குடிமக்கள் பங்கேற்பை ஆராய்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எட்டுப் படிகளாகப் பங்கேற்பை வகுத்தபோது, கேட்டுவிட்டுக் கைவிடும் கலந்தாலோசனையைச் சம்பிரதாயச் சடங்குகளின் வரிசையிலேயே வைத்தார்.

ஆகவே வரைபடம் உப்பளக் கொட்டகையிலும் குப்பத்துப் பொதுமண்டபத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்தி வேலை ஓய்ந்திருக்கும்போது விசாரணை நடைபெற வேண்டும். வாய்மொழிச் சாட்சியம் எழுதப்பட்டு, சொன்னவருக்கே படித்துக் காட்டப்பட வேண்டும். கால தாமதம் நேரும் என்பர். பல்லாண்டு ஆளப்போகும் படத்துக்கு ஒரு பருவம் காத்திருப்பதை நான் தாமதமாகக் கருதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை வெளியிடும் அதிகாரி, இணையவழி எத்தனை மனு, நேரில் எத்தனை, அவற்றுள் உப்பளத் தொழிலாளருடையவை எத்தனை, நிராகரித்த ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் காரணம் என்ன என்பதையும் அப்படத்தோடு சேர்த்தே பிரசுரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.